ஒரு ரத்தம், இரண்டு பதில்

எச்.ஐ.வி. சோதனையில் ஒன்று ‘உண்டு’ங்குது, இன்னொன்று ‘இல்லை’ங்குது. உடனே “யார் கொண்டாந்தது?” என்று வீட்டில் சண்டை. பொறுங்க! 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றைக் கண்டபோதுகூட, வேலூர்ச் சோதனையோடு நிறுத்தாமல் அமெரிக்காவிலும் உறுதி செய்தார்கள்.

கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளையே சோதனை தேடுகிறது. தொற்றிய புதிதில் அது போதாது. சிலருக்கு வேறு காரணத்தாலும் தப்பாகக் காட்டும். அதனால் முண்டியம்பாக்கம், திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையங்களில் மூன்று விதமாகப் பார்ப்பார்கள். மூன்றும் ‘உண்டு’ என்றால்தான் தொற்று. தெளிவில்லையா? 2 முதல் 4 வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். அதுவரை நிரோத் அவசியம்.

மனைவி கர்ப்பிணியா? டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிடுங்க; குழந்தையைக் காக்க மருந்து இருக்கு. தம்பதியாகவே போங்க, காசு கிடையாது.