பழுதிலே பிறந்த தொனி

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் மின்கிற்றாரைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. கிற்றார் வாசிப்பவர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால் 'ரோன்' என்ற சொல் அவர்கள் பேச்சிலே திரும்பத் திரும்ப வந்து விழும். "அவருடைய ரோனைக் கேட்டாயா?" என்பார்கள். இதற்கு எம்மிடம் 'தொனி' என்றொரு சொல் இருக்கிறது. அதே சொல் கவிதையியலிலும் வழங்குகிறது. சொல் நேரே உணர்த்தும் பொருளுக்கு அப்பால், குறிப்பாய் நின்று ஒலிக்கும் பொருளைத் தொனிப்பொருள் என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டிலே ஆனந்தவர்த்தனர் அதனையே கவிதையின் ஆன்மா என்றார். ஒரே சுரத்தை இருவர் மீட்டும்போது, ஒருவரிடம் அது வெறும் சத்தமாகவும் மற்றவரிடம் குரலாகவும் கேட்பது ஏன்? இக்கேள்வி கிற்றார்க் கலைஞனுக்கும் கவிஞனுக்கும் பொதுவானது.

முதலிலே கருவியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். மரக் கிற்றாரில் அதன் உடற்கூடே ஒலியைப் பெருக்குகின்றது. மின்கிற்றாரின் நிலை வேறு. உருக்குத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உண்டு. தந்தி அதிரும்போது அச்சுருளில் மிக நலிந்த மின்னோட்டம் பிறக்கும். அதனை வலுப்படுத்தி ஸ்பீக்கரை அசைப்பது அம்பிளிபயரின் வேலை. ஆகவே அம்பிளிபயரைக் கருவிக்குப் புறம்பான ஒன்றாகக் கொள்ள முடியாது. அது கருவியின் மறுபாதி.

1930களில் இக்கருவி விற்பனைக்கு வந்தபோது அதனைச் செய்தவர்களின் எண்ணம் எளிமையானது. பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே கிற்றாரின் ஒலி அமுங்கிப் போகாமல் கேட்கவேண்டும். உள்ளே செல்லும் ஒலி மாற்றமின்றிப் பெரிதாகி வெளியே வரவேண்டும். ஆனால் வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேலே உந்தினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகிவிடும். அவ்வாறு வெட்டுண்ட அலையிலே, மூல ஒலியின் அதிர்வெண்ணுக்கு இரு மடங்கு, மும்மடங்கு, அதற்கும் மேலான மடங்குகளில் அமைந்த மேலொலிகள் செறிந்து தோன்றும். உரத்த ஒலி அடங்கி, மெல்லிய ஒலி எழுந்து, சுரம் நீண்டு நிற்கும். மனிதன் அடித்தொண்டையிலிருந்து கத்தும்போது குரல் கரகரப்பதில்லையா? ஏறத்தாழ அத்தகைய உணர்வையே இதுவும் தருகிறது. பொறியியல் நூல்களில் இதற்குத் திரிபு என்று பெயர். அதாவது, நீக்கப்படவேண்டிய குறை.

இந்தக் குறை கலையாக மாறிய கதை சுவையானது. 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ரொக்கெட் 88' என்ற பாடல் ஒலிப்பதிவானது. கிற்றார்க் கலைஞரின் அம்பிளிபயர் பழுதுபட்டிருந்தது. ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் கடதாசியைத் திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் மார்ட்டி றொபின்ஸ் பாடிய 'டோன்ற் வொறி' பாடலின் பதிவின்போது ஒலிப்பதிவுப் பலகையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த தாழ்சுரக் கிற்றார் வண்டு போல இரைந்தது. அதனை அழித்துவிடாமல் இசைத்தட்டில் விட்டுவைத்தார்கள். பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதை ஆராய்ந்து, வேண்டும்போது மட்டும் அதனை உண்டாக்கும் சிறு பெட்டியொன்றை உருவாக்கினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் ரோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காலால் அழுத்தி இயக்கும் இத்தகைய பெட்டிகளையே இன்று பெடல் என்கிறோம். 1964இல் லண்டனில் கிங்ஸ் குழுவைச் சேர்ந்த பதினேழு வயது டேவ் டேவிஸ் தமது சிறிய அம்பிளிபயரின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவர அலகினால் கீறினார். 'யூ ரியலி கொட் மீ' என்ற பாடலின் முரட்டுக் குரல் அவ்வாறு வந்ததுதான். அடுத்த ஆண்டு றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸ், குழல் வாத்தியங்களுக்கென எண்ணியிருந்த சுரவரிசையொன்றை அந்த மேஸ்ட்ரோ பெட்டியினூடே வாசித்தார். 'சற்றிஸ்ஃபக்ஷன்' உலகெங்கும் ஒலித்தது.

நேயர்களே, இதனை மேல்நாட்டாரின் விசித்திரம் என்று எண்ணவேண்டியதில்லை. எமது தம்புராவை நோக்குங்கள். குதிரையின் மேலே, தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல் செருகப்படுகின்றது. அந்நூல் சரியான இடத்தில் அமர்ந்தால்தான் தந்தி குதிரையை மெல்ல மெல்ல உரசி, இழுமென்ற இரைச்சலோடு மேலொலிகளைச் சொரியும். நூலை எடுத்துவிட்டால் ஒலி தூய்மையாகவே இருக்கும். ஆனால் உயிர் இராது. அந்த நூலுக்கு எம்மவர் 'ஜீவா' என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! உரசலை உயிர் என்று கண்டவர்கள் நாம்.

இனி, நல்ல தொனியை எவ்வாறு பெறுவது? பெட்டிகளை அடுக்குவதில் ஓர் ஒழுங்குண்டு. திரிபு தரும் பெடலை முன்னும், எதிரொலி தரும் 'டிலே' பெடலைப் பின்னும் வைப்பதே பெருவழக்கு. மாற்றி வைத்தால் எதிரொலிகள் யாவும் திரிபுக்குள் புகுந்து குழம்பும். ஆயினும் அந்தக் குழப்பத்தையே விரும்பி மாற்றி வைப்போரும் உளர். திரிபு மிகும்போது சுரங்களைக் குறைக்கவேண்டும். இரு சுரங்கள் ஒருங்கே திரிபுறும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகளும் பிறக்கின்றன. ச, ப என்ற இரண்டோடு நின்றால் அவை இணங்கி நிற்கும். நான்கைந்து சுரங்களை அடுக்கினால் ஒன்றோடொன்று மோதும். றொக் இசைக்காரர் ச-ப இணையைப் பற்றிக்கொண்டதன் காரணம் இதுவே.

இன்னொன்று. தனியறையில் இனிக்கும் தொனி மேடையில் காணாமற் போய்விடும். மெல்லிய ஒலியில் எமது செவி தாழ்சுரங்களையும் உச்ச சுரங்களையும் குறைவாகவே உணர்கின்றது. ஆகவே வீட்டிலே அவ்விரண்டையும் கூட்டி, நடுவைக் குறைத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். மேடையிலோ தாழ்சுரம் பேஸ் கிற்றாருக்கும், உச்சம் தாளத்தட்டுகளுக்கும் உரியவை. கிற்றாரின் இடம் நடுப்பகுதி. 1970களின் இறுதியில் வந்த 'ரியூப் ஸ்கிறீமர்' என்ற பச்சைநிறப் பெடலின் புகழுக்கு, அது தாழ்சுரத்தைக் குறைத்து நடுவை உயர்த்தித் தருவதே முக்கிய காரணம். தனியே அழகாய் நிற்கும் வரி கவிதைக்குள் பொருந்தாமற் போவதுண்டல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இவ்வளவும் சொன்னபின் கையைப் பற்றிச் சொல்லாவிடில் உரை முற்றுப்பெறாது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே யாழ் மீட்டும் கையின் தொழில்கள் எட்டாக வகுத்துக் கூறப்படுகின்றன. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலிலே மறைந்துபோன கருவியைத் தேடிச் சென்றார். கருவி மறைந்தபின்னும் கையின் தொழிலைச் சொற்கள் காத்து வைத்திருந்தன. இன்றைய இளைஞன், தனக்குப் பிடித்த கலைஞன் வைத்திருக்கும் பெட்டியை வாங்கினால் அவனது தொனியும் கூடவே வந்துவிடும் என்று நம்பி, கடனுக்கும் வாங்குகிறான். பெட்டி வரும், விரலின் அழுத்தம் வருமா? தந்தியை எவ்விடத்தில், எவ்வளவு கடுமையாகத் தொடுவது, எப்போது தொடாமல் விடுவது என்ற அறிவு வருமா? இன்று கணினிச் சில்லொன்று நூறு அம்பிளிபயர்களின் குரலைப் போலி செய்கின்றது. அதனை நான் இகழவில்லை. நூறு குரல்களில் எது தன்னுடையது என்று தேர்ந்துகொள்ள ஒரு மனம் வேண்டும் என்றே சொல்கிறேன்.

1969 ஓகஸ்ட் 18ஆந் திகதி காலை, வூட்ஸ்ரொக் விழா மேடையிலே ஜிமி ஹென்ட்றிக்ஸ் அமெரிக்காவின் தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தார். பரசூட் படைப்பிரிவில் பணியாற்றி விலகியவர் அவர். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பாடலின் மெட்டு எல்லோரும் அறிந்ததே. ஆனால் இடையிடையே அம்பிளிபயர் ஊளையிட்டது, தந்தி அலறியது, விமானம் தாழப் பறப்பது போலவும், ஏதோ வீழ்ந்து வெடிப்பது போலவும் கேட்டது. ஒரு சொல்லைக்கூட அவர் பாடவில்லை. குண்டுச் சத்தத்தைக் காதாரக் கேட்டு, பதுங்குகுழிக்குள் இருந்து நாட்களை எண்ணிய எம்மவர்க்கு அந்த ஒலிக்கு உரைகாரர் தேவையில்லை. தூய்மையான ஒலியால் அதனைச் சொல்லியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன். முடியாது என்றே எனக்குப் படுகிறது. உடைந்துபோனவற்றைப் பற்றிப் பேச, உடைந்த குரலொன்று தேவைப்பட்டது. ஆனந்தவர்த்தனர் சொன்ன தொனி அதுவே என்பது என் துணிபு.