வெண்கட்டி ஞாயிறு

முன்னாளில் அயர்லாந்தின் கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்திலே திருமணம் நடப்பதில்லை என்றிருந்தது. ஆகவே, விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாயன்று தேவாலயங்களில் மணமக்கள் நெரிசலாயிருக்கும். அந்நாளும் கழிந்து தனித்து நின்றவர்களுக்கு அடுத்த ஞாயிறு காத்திருந்தது. பூசைக்கு வரும் மணமாகாதோரின் முதுகிலே சிறுவர்கள் வெண்கட்டியாற் கோடிழுத்து விடுவர். ‘வெண்கட்டி ஞாயிறு’ என்றே அதற்குப் பெயர். ஊர் சிரிக்கும்.

மணம் வாய்த்தவர் வீட்டுக்கு, இரவிலே ஒரு கூட்டம் அழையாமல் வரும். வைக்கோலாற் பின்னிய கூம்புத் தொப்பியால் முகம் மறைத்திருப்பர். தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். அவர்கள் வரவு மணமக்களுக்கு அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. அழைப்புக் கிடையாத அயலவனுக்கும் அன்று ஆட்டமும் குடியும் கிடைத்தன. இந்த மூடநம்பிக்கையை மட்டும் நான் குறைகூற மாட்டேன்.

வெண்கட்டிக் கோட்டுக்கு அத்தகைய ஆறுதல் கிடையாது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் பின்னர், காணியைத் துண்டாடாமல் ஒரு மகனுக்கே கொடுக்கும் வழக்கம் வலுத்தது. அவனும் பெற்றோர் காணியை எழுதித்தரும் வரை காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கோ சீதனம் வேண்டும். ஊர் சிரித்தது இவர்களைப் பார்த்துத்தான்.

மொனகன் மாவட்டத்திலே தாமும் நிலம் உழுத கவிஞர் பட்ரிக் கவனா, 1942இல் வெளியிட்ட தமது நெடுங்கவிதைக்கு அப்பஞ்சத்தின் பெயரையே இட்டார்: ‘பெரும் பசி’. அதில் உணவுக்குப் பஞ்சமில்லை. வயலுக்கும் தாய்க்கும் கட்டுண்டு மணமாகாதிருந்த உழவனொருவனின் கதை அது. தாய் 91 வயதில் இறக்கும்போது மகனுக்கு வயது 65.