வாரத்துக்கு வந்த கோழி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. அப்பழமொழி தானத்தைப் பற்றியே பேசுகின்றது. வாடகைக்கு வந்த மாட்டைப் பற்றியோ, வாரத்துக்கு வந்த மாட்டைப் பற்றியோ அது ஒன்றும் கூறவில்லை. அங்ஙனம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பார்த்தே ஆகவேண்டும். மாட்டுக்குரிய இந்த நியாயம் கோழிக்கும் உரியதே. ஆனால் கோழிக்குப் பல் இல்லை. அப்படியானால் எதைப் பிடித்துப் பார்ப்பது? பார்த்து வாங்கிய பின்னும் ஏமாற்றம் நேர்ந்தால் யாரிடம், எவ்வாறு முறையிடுவது? மலைநாட்டுத் தோட்டங்களில் கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இவை அற்பமான கேள்விகள் அல்ல.

கோழியையும் வாடகைக்கு விடுவார்களா என்று நேயர்களில் சிலர் நகைக்கக் கூடும். ஐக்கிய அமெரிக்காவில் இன்று அது ஒரு தொழிலாகவே நடந்து வருகின்றது. பென்சில்வேனியா மாநிலத்தில் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் இதில் பெயர் பெற்றது. வசந்தகாலத்தில் முட்டையிடும் கோழிகள் இரண்டையோ நான்கையோ, இடம்விட்டு இடம் நகர்த்தத்தக்க கூட்டுடனும் தீவனத்துடனும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஐந்தாறு மாதம் முட்டை எடுத்துக்கொண்டு, குளிர்காலம் நெருங்கும்போது கோழிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பறவைக் காய்ச்சலினால் கோழிகள் பெருந்தொகையாக அழிந்து, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் முட்டை விலை உச்சத்துக்கு ஏறியபோது, இவ்வாடகைக் கோழிகளை நாடியோர் தொகையும் பெருகிற்று.

தமிழருக்கோ இது புதியதோர் ஏற்பாடு அன்று. ஆட்டையும் மாட்டையும் கோழியையும் வாரத்துக்கு விடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்கால வழக்கு. உயிர் ஒருவருடையது, உழைப்பும் தீனியும் மற்றவருடையது, பெருகுவதில் இருவருக்கும் பங்கு. சிங்களக் கிராமங்களில் வயலை 'அந்தே' முறையில் விட்டு விளைச்சலைப் பங்கிடும் வழக்கும் இதற்கு உறவானதே. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். காசு அரிதாயும் கைவேலை மலிவாயும் உள்ள இடத்தில் வாரம் என்ற ஏற்பாடு இயல்பாகவே பொருந்தும். கோழி வாங்கப் பணம் இல்லாதவளும் கோழி வளர்க்க அது வழி செய்கின்றது.

அந்த வழி எவ்வளவு பெறுமதி உடையது என்பதை இரண்டு செய்திகள் உணர்த்தும். 2016ஆம் ஆண்டு நடைபெற்ற குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32 ஆகும். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கின்றது. வளரும் பிள்ளைக்கு அது சிறிய உதவி அன்று. இது முதலாவது செய்தி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தீவனம் கிடைக்காமல் முட்டை உற்பத்தி குன்றியது. அரசாங்கம் முட்டைக்கு விலைக்கட்டுப்பாடு விதித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. கடையிலே முட்டை எட்டாக்கனியான அந்நாட்களில், லயத்தின் பின்புறத்தில் மேய்ந்த ஒரு பெட்டைக்கோழிக்கு எத்தகைய மதிப்பு இருந்தது என்பதைத் தாய்மார் அறிவர். இது இரண்டாவது செய்தி.

இனி, ஏமாற்றம் எவ்வாறு நேர்கின்றது என்று பார்க்கலாம். ஹற்றனை அடுத்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இளம் தாய் ஒருத்தி, மேல் லயத்து மூதாட்டி ஒருவரிடமிருந்து ஒரு பெட்டைக்கோழியை வாரத்துக்கு வாங்குகிறாள் என்று கொள்க. முட்டை வைத்து அடைகாத்துப் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி அவளுக்கு, பாதி உடையவருக்கு. கோழி திரும்ப உடையவரிடம் போகவேண்டும். இருபத்தைந்து நாள் கழிகின்றது. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் நொய்யரிசி போடுகிறாள்; மாலையில் தேடிப் பிடித்து அடைக்கிறாள். கூட்டிலே முட்டை இல்லை. ஒருநாள் பீலிக்கரையில் இருவரும் சந்திக்கின்றனர்.

"பெரியம்மா, நீங்கள் கொடுத்த கோழி இன்றுவரை ஒரு முட்டைகூட இடவில்லையே!"

"என் வீட்டில் நாள் தவறாமல் இட்ட கோழி, மகளே. உன் கைராசிக்கு நான் என்ன செய்வேன்?"

கைராசி என்ற சொல் விழுந்தவுடன் வழக்கு கோழியை விட்டு மனிதரிடம் தாவிவிடுகின்றது. பீலிக்கரையில் நிற்கும் மற்றவர்களும் கட்சி பிரிகின்றனர். இருவரில் எவரும் பொய் பேசவில்லை என்பதே இதில் கவனிக்கவேண்டியது. பெரியம்மாவின் வீட்டில் கோழி இட்டதும் உண்மை. மகளின் வீட்டில் இடாததும் உண்மை. இடையே நிகழ்ந்தது என்ன என்பதை இருவரும் ஆராயவில்லை.

இட்டுக்கொண்டிருந்த கோழி முட்டையை நிறுத்துவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, இடமாற்றம். கூடு மாறி, கூட்டம் மாறி, தீனி மாறிய கோழி அச்சத்தினால் ஒரு வாரமோ அதற்கு மேலோ இடாமல் இருப்பது இயல்பு. இரண்டாவது, இறகுதிர்ப்பு. ஆண்டுக்கொரு முறை கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு தரிக்கும். அப்போது இரண்டு மூன்று மாதம் முட்டை நின்றுபோகும். மூன்றாவது, முதுமை. முதல் ஆண்டில் இட்ட அளவு பின்னைய ஆண்டுகளில் வராது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். நான்காவது, தீனிக் குறைவு. வெறும் சோற்றுப் பருக்கையையும் நொய்யையும் கொண்டு முட்டை உருவாகாது. புழு, பூச்சி, கறையான், கீரை, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்து ஆகியவையும் வேண்டும். 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரில் உடலின் சூட்டைக் காப்பதற்கே தீனியில் ஒரு பகுதி செலவாகிவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது. ஐந்தாவது காரணம் வேடிக்கையானது. கோழி இடாமல் இருப்பதில்லை. இடுமிடம் தெரியாமல் இருப்பதுண்டு. வாரக்கோழி தேயிலைச் செடியின் தூரடியிலோ, விறகுக் குவியலின் இடுக்கிலோ களவாக முட்டை வைத்து, சில வாரம் காணாமற்போய், குஞ்சுகளுடன் திரும்பி வந்து ஊராரை வியக்கச் செய்யும்.

இவற்றுள் இடமாற்றமும் தீனியும் களவு முட்டையும் பொறுமையால் தீரும். முதுமையும் இறகுதிர்ப்புமோ வாங்கும்போதே கண்டறியத் தக்கவை. கோழிக்குப் பல் இல்லை என்றாலும் பார்க்கத்தக்க குறிகள் உண்டு. கொண்டையும் தாடையும் சிவந்து, தடித்து, மென்மையாய் இருப்பின் அது இடும் கோழி; வெளிறிச் சுருங்கிப் பொருக்குத் தட்டியிருப்பின் இடாத கோழி. எச்சத்துவாரத்தின் இருபுறமும் கையால் தடவினால் இரண்டு மெல்லிய எலும்புமுனைகள் தட்டுப்படும். அவற்றின் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் நுழையுமாயின் கோழி இட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் நுழைவதே அரிதாயின் இடவில்லை. காலின் செதில் வழவழப்பாய் இருந்தால் இளமை. முரடாய்த் தடித்திருந்தால் முதுமை. கழுத்திலும் இறக்கையிலும் புது இறகின் முளைகள் தெரிந்தால் இறகுதிர்ப்புக் காலம் என்று கொள்ளலாம். இவ்வளவையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரியவர்களின் பொருளைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று கூசுவோர், பின்னர் பீலிக்கரையில் மரியாதையை மொத்தமாக இழக்கின்றனர்.

ஏமாற்றத்தின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இடும். அதற்கு மூன்று வாரம் செல்லும் என்றால், அடைகாப்பு 21 நாள். குஞ்சுகள் தாயைப் பிரிய மேலும் இரண்டு மாதம். ஆகவே ஒரு சுற்றுக்கு மூன்றரை மாதம். பன்னிரண்டு முட்டை வைத்து ஒன்பது பொரித்து, குளிருக்கும் பருந்துக்கும் மூன்று போனால், எஞ்சுவது ஆறு. வளர்த்தவள் பங்கு மூன்று. கிழட்டுக் கோழியை நம்பி வாங்கியவள் இழப்பது அந்த மூன்று குஞ்சுகளையும், போட்ட தீனியையும், திரும்பி வராத ஒரு பருவத்தையும் ஆகும். பொருளுள்ளோருக்கு இது சிறு தொகை. கொழுந்தின் நிறையைக் கொண்டு நாட்கூலியை எண்ணுபவளுக்கு, தன் கைக்கென்று அவள் சேர்க்கக்கூடிய காசு இதுவே.

கோழி இடாததற்கு மேலான ஏமாற்றமும் உண்டு. கோழி இறந்தே போவது. அப்போது நட்டம் யாருடையது? மனிதகுலம் இக்கேள்வியைக் கேட்டு ஏறத்தாழ 3,800 ஆண்டுகள் ஆகின்றன. பாபிலோனிய மன்னன் அம்முராபியின் சட்டக் கல்லில் வாடகை மாடுகளைப் பற்றிய விதிகள் உள்ளன. வாடகைக்கு எடுத்த மாட்டை வெளியிலே சிங்கம் கொன்றால் நட்டம் உடையவனுடையது. எடுத்தவனின் அசட்டையாலோ அடியாலோ மாடு இறந்தால் அவன் மாட்டுக்கு மாடு கொடுக்கவேண்டும். விவிலியத்தின் யாத்திராகமமும், காவலுக்கு விடப்பட்ட மிருகத்தை விலங்கு பீறியிருந்தால், எஞ்சியதைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்கின்றது. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின் நெறியும் இதனோடு ஒத்ததே. வாடகைக்கு விடுபவர், எதற்காக விடுகிறாரோ அதற்குத் தகுதியான பொருளையே கொடுக்கவேண்டும். எடுத்தவரின் பிழையின்றி அழிந்த பொருளின் நட்டம் உடையவரையே சாரும்.

மலைநாட்டில் சிங்கம் இல்லை. ஆயினும் சிறுத்தை உண்டு; மரநாய் உண்டு; கீரியும் பருந்தும் உண்டு. ஆகையால் பழைய விதி இங்கும் பொருந்தும். கூட்டைப் பூட்டியும் மரநாய் பலகையைப் பெயர்த்திருந்தால் நட்டம் உடையவருடையது. கூட்டை அடைக்க மறந்து உறங்கினால் வளர்த்தவளுடையது. உடையவருக்கும் ஓர் அச்சம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தாளி வந்த நாளில் குழம்பிலே சேர்ந்த கோழியை மரநாய் கொண்டுபோயிற்று என்று சொன்னால் அவர் எப்படி அறிவார்? சிதறிய இறகையோ எஞ்சிய உடலையோ அன்றே காட்டவேண்டும் என்று முன்னோர் விதித்தது இதற்காகவே.

விலங்கினும் கொடியது நோய். வெள்ளைக்கழிச்சல் என்று மக்கள் கூறும் இராணிக்கெட்டு நோய் ஒரு லயத்தில் நுழைந்தால், சில நாட்களில் கூடுகள் வெறுமையாகும். வந்த பின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி உண்டு. பேராதனையை அடுத்த கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கின்றது. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம். வாரத்துக்கு வந்த கோழியை முதல் இரண்டு வாரம் மற்றக் கோழிகளுடன் சேர்க்காமல் தனியே வைத்தல், ஒரு லயம் முழுவதையும் காக்கும் செயலாகும்.

ஆகவே கோழி கைமாறும் நாளில், இரு வீட்டாருக்கும் பொதுவான ஒருவர் முன்னிலையில், சில வார்த்தைகளைத் தெளிவாகப் பேசி முடித்தல் வேண்டும். கோழியின் வயது என்ன, கடைசியாக எப்போது இட்டது? எத்தனை நாள் பொறுத்திருந்து, அதன்பின் மாற்றுக் கோழி கேட்கலாம்? முட்டையில் பங்கா, குஞ்சில் பங்கா, கூழ்முட்டை யார் கணக்கு? தடுப்பூசிக்கு யார் பொறுப்பு? இறந்தால் எதைக் காட்டவேண்டும்? கோழி அயலாரின் மரக்கறிப் பாத்தியைக் கிளறினால் யார் ஈடு செய்வது? ஒரு பள்ளிப் பிள்ளையைக் கொண்டு கொப்பியின் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்தால் இன்னும் நன்று.

அவ்வளவும் செய்து ஏமாற்றம் வந்தால், முதலில் கோழியைத் தூக்கிக்கொண்டு உடையவர் வீட்டுக்கே போகவேண்டும்; பீலிக்கரைக்கு அன்று. கொண்டையையும் எலும்பின் இடைவெளியையும் அவர் கண்முன் காட்டி, மாற்றுக் கோழியையோ, இதுவரை இட்ட தீனிக்கு ஈடாக அடுத்த ஈட்டில் கூடுதல் பங்கையோ கேட்கலாம். அங்கே தீராதாயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு பிணக்குகளைச் செலவின்றித் தீர்க்கவே இருக்கின்றன. ஆனால் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். லயத்தில் சுவர் ஒன்று, கூரை ஒன்று, பிரசவத்துக்கும் சாவுக்கும் முதலில் ஓடி வருபவர் அடுத்த காம்பராக்காரரே. கோழியின் வழக்கில் வென்று அவரை இழந்தவள் இலாபம் கண்டவள் அல்லள். கிழட்டுக் கோழியைத் தெரிந்தே கொடுத்துவிட்டு ஒரு பருவத்துத் தீனியை மிச்சம் பிடித்தவருக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும்.