முடங்கிய பிஞ்சுக் கைகளும் நமது கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பெருமூளை வாதமுற்ற பாலர்களுக்கு ஆரம்பத்திலேயே அளிக்க வேண்டிய இயன்மருத்துவ முறைகளைப் பற்றி இன்று சிறிது பேச விழைகின்றோம். வைத்தியர்களுக்குரிய விஷயத்தை வாலிபர் சங்கத்தில் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை பேச்சின் இறுதியில் தானே விளங்கும்.

குறைமாதப் பிரசவத்துக்கும், பிறக்கும்போது மூச்சுத் தடைப்படுவதற்கும், குழந்தைகளின் கைகால் விறைப்புக்கும் தொடர்புண்டென்று 1861இல் இலண்டனில் எடுத்துரைத்தவர் வில்லியம் ஜோன் லிட்டில் என்னும் வைத்தியர். பிறந்த சிசுவுக்கு வரும் கடும் மஞ்சட்காமாலையும், மூளையைத் தாக்கும் கிருமிநோய்களுங்கூடக் காரணமாகலாம். ஆகவே இது தாய் செய்த பாவமுமன்று, கிரக தோஷமுமன்று. மூளையில் நேர்ந்த சேதம் மேலும் வளர்வதில்லை. ஆனால், கவனியாது விட்டால் தசைகள் இறுகி மூட்டுக்கள் மடங்கிப் போகும்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூன்று முறைகள் புகழ்பெற்றன. ஜேர்மனியிலிருந்து இலண்டனுக்குப் புகலிடம் தேடி வந்த பேர்ட்டா போபாத் அம்மையாரும், அவர் கணவர் கரேல் போபாத்தும் வகுத்தது ஒன்று. குழந்தையின் தோளையும் இடுப்பையும் பக்குவமாகப் பிடித்து, விறைப்பைத் தணித்து, இயல்பான அசைவுக்கு வழிகாட்டுவது அம்முறை. செக் நாட்டு வைத்தியர் வாஸ்லாவ் வொய்ட்டாவின் முறை வேறு. உடலின் குறிப்பிட்ட இடங்களை அழுத்தி, ஊர்தலையும் புரளுதலையும் ஒத்த அசைவுகளைத் தாமாக எழச் செய்வது அது. தினமும் பலமுறை செய்யவேண்டும், குழந்தை அழுவதுமுண்டு. மூன்றாவது, புடாபெஸ்ட் நகரில் அந்திராஸ் பெட்டோ தொடங்கியது. அங்கே பிள்ளைகள் கூட்டமாக அமர்ந்து, பாட்டோடும் தாளத்தோடும் எழுந்து நிற்கவும் உண்ணவும் உடுக்கவும் பழகினர்.

இவற்றுள் எது சிறந்தது? முதலிரண்டிலும் பிறர் கை குழந்தையை அசைக்கின்றது; மூன்றாவதில் குழந்தையே முயல்கின்றது. 2013இல் அவுஸ்திரேலிய அறிஞர் அயோனா நோவாக் முதலியோர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குழந்தை தானே முயன்று ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சியையும், வீட்டில் பெற்றோர் நடத்தும் பயிற்சியையும் போற்றியது. பழைய போபாத் முறைக்கு அத்தகைய ஆதாரம் கிட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் வலுவிழந்த பிள்ளையின் நல்ல கையைச் சிறிது நேரம் உறையிட்டுத் தடுத்து, மற்றக் கையை விளையாட்டில் பழக்குவதும் பயன் தருகின்றது. ஆயினும் பழைய முறைகளின் ஒரு பாடம் நிலைத்தது: தாயின் கையே முதல் வைத்தியசாலை.

கால்கள் கத்தரிபோற் பின்னும் பிள்ளையை இருபுறமும் கால் அகலும்படி இடுப்பில் வைத்துத் தூக்குமாறு இயன்மருத்துவர்கள் சொல்கின்றனர். நம் தாய்மார் ஏற்கெனவே அறிந்த வழக்கமல்லவா இது! கிலுகிலுப்பையைச் சற்றே எட்டாத தூரத்தில் வைத்து, எட்டிப் பிடிக்கச் செய்வதும் சிகிச்சையே. ஆனால், எண்ணெய் பூசி விறைத்த காலை வலிந்து இழுப்பது தீது.

நான்கு மாதமாகியும் தலை நில்லாமை, எப்போதும் மூடிய கை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் உபயோகித்தல், ஒன்பது மாதமாகியும் உட்காராமை — இவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். மூளை வேகமாக வளரும் முதலிரு வருடங்கள் திரும்பி வாரா.

இனி நம் மாத்தளைக்கு வருவோம். ரத்தோட்டை, எல்கடுவை மலைத்தோட்டங்களிலிருந்து பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்வதென்றால், தாய்க்கு ஒருநாட் சம்பளம் போய்விடும். பஸ் கட்டணம் வேறு. இருமுறை சென்றவள் மூன்றாமுறை தயங்குகின்றாள். லயத்தின் மூலையில் பிள்ளை படுத்தே வளர்கின்றது. எத்துணைச் சிறந்த முறையாயினும் அந்த மூலையை எட்டாவிடிற் பயனென்ன?

வாலிப அன்பர்களே, விடை இங்கேதான். வைத்தியம் செய்வது நம் வேலையன்று. அத்தாயுடன் கிளினிக்குக்குத் துணை செல்லலாம். பஸ் கட்டணத்துக்கு நிதி திரட்டலாம். இயன்மருத்துவர் சொன்னதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைக்காம்பராவில் அக்குழந்தைக்கும் இடம் கேட்கலாம். பெரியோர்களே, ‘விதி’ என்று சொல்லித் தாயின் மனத்தைத் தளரச் செய்யாதிருப்பது உங்கள் பங்கு.

அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், ஒரு குழந்தையேனும் நம் துணையால் நிமிர்ந்து உட்காருமாயின், அதுவே நமது சங்கத்தின் சிறந்த ஆண்டறிக்கையாகும்.