கை உதறுதா? புரோகிராமைத் திட்டாதீங்க

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டு இருக்கு. "சர்வோ மோட்டார் சும்மா நிக்கும்போதே உதறுது, என்ன பண்ண?" இதுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கு. இந்த உதறலால ஒரு நல்ல டீம்மேட்டையே இழக்கப் பார்த்தவன் நான்.

கதை நடந்தது தூத்துக்குடியில. காலேஜ் கண்காட்சிக்கு ஒரு ரோபோ கை செஞ்சோம். நாலு எஸ்ஜி90 சர்வோ, ஒரு ஆர்டுயினோ ஊனோ. தட்டுல சிப்பிகளைப் பரப்பி வச்சிருப்போம், நடுவுல கிடக்கிற வெள்ளை மணியை அந்தக் கை எடுக்கணும். எங்க கடல்ல அரசாங்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடத்தினது 1961-ல. அதுக்கப்புறம் முத்தெடுக்கப் போற கை எங்களோடதுதான்னு பேனர்லயே அடிச்சு வச்சிருந்தோம். வாய்க்கொழுப்பு, வேற என்ன!

கண்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆன் பண்ணா, குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறுது. புரோகிராம் எழுதினது ஒரு ஜூனியர் பொண்ணு. எல்லார் முன்னாடியும் நான் சொன்னேன், "உன் கோடிங்தான் சொதப்புது, மாத்தி எழுது." அவ ஒண்ணும் பேசல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. நான் அதைத் திறக்கவே இல்ல.

காலையிலதான் பார்த்தேன். முழு புரோகிராமையும் தூக்கிட்டு, சர்வோ 60 டிகிரிக்கும் 120-க்கும் நடுவுல போய்ட்டு வர்ற மாதிரி நாலே வரி போட்டிருக்கா. ஒரு சர்வோ மாட்டினா அழகா ஓடுது. ரெண்டு, பரவால்ல. மூணாவது மாட்டினதும் உதறல். நாலாவது மாட்டினதும் ஊனோவே அணைஞ்சு அணைஞ்சு எரியுது. எல்லாத்துலயும் அதே நாலு வரிதான். அப்போ தப்பு புரோகிராம்ல இல்லையே!

தப்பு கரண்ட்ல. எஸ்ஜி90 வெறும் 9 கிராம்தான். ஆனா எங்கயாவது முட்டி நின்னா 650, 700 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். நாலும் ஒரே நேரத்துல கிளம்பினா கணக்குப் போட்டுக்கோங்க. ஊனோவோட யுஎஸ்பி வழியில இருக்கிற ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியருக்குத்தான். பாத்திரம் சின்னது, குடிக்க வந்தவங்க நாலு பேர். வோல்டேஜ் விழுது, சர்வோ குழம்புது, போர்டு ரீசெட் ஆகுது.

டபிள்யூஜிசி ரோடு பக்கம் ரேடியோ ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணாச்சிகிட்ட போனோம். அவர் சர்வோவைத் தொடவே இல்ல. "ஏல, ஓடும்போது வோல்ட் அளந்து பாத்தியா?" சும்மா நிக்கும்போது 5 காட்டின மீட்டர், கை அசைஞ்சதும் 4-க்குக் கீழ போச்சு. மீட்டர் மெதுவானது, உண்மையான பள்ளம் இன்னும் ஆழமா இருக்கும்னார். சர்வோவுக்குத் தனியா 5 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை போடச் சொன்னார். அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி மட்டும் வேண்டாம் மக்களே. அதால இவ்வளவு கரண்ட் குடுக்க முடியாது.

சப்ளையை மாட்டினோம். உதறல் முன்னைவிட மோசம்! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஜூனியர்தான் ஒயரைப் பார்த்துட்டுச் சொன்னா, "அண்ணா, கிரவுண்டைச் சேர்க்கலையே."

சர்வோவுக்குப் போற சிக்னல்னா என்ன? 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு. அது 1-லிருந்து 2 மில்லி செகண்டுக்குள்ள எவ்வளவு நேரம் நீளுதோ, அதுக்கேத்த கோணம். சுமார் 10 மைக்ரோ செகண்ட் மாறினாலே ஒரு டிகிரி மாறும். அந்தத் துடிப்பு உயரமா தாழ்வான்னு கிரவுண்டை வச்சுத்தான் சர்வோ பார்க்கும். ஆர்டுயினோ கிரவுண்டும் புது சப்ளை கிரவுண்டும் சேரலைன்னா அதுக்கு அளவுகோலே கிடையாது. முத்துக்குளிக்கிறவர் கீழ இருந்து கயித்தை இழுக்கிறார், மேல படகுல அந்தக் கயித்தை யாரும் பிடிக்கல. அந்த மாதிரி.

ஒரே ஒரு கறுப்பு ஒயர். மூணு சர்வோ அடங்கிடுச்சு. சப்ளை முனையில 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணும் போட்டோம். பிளஸ், மைனஸ் மாத்திப் போட்டுடாதீங்க, வெடிக்கும்.

நாலாவது, விரல் மாதிரி பிடிக்கிற சர்வோ, இன்னும் உதறிட்டே இருந்துச்சு. நல்லா ஓடுற சர்வோவை அந்த இடத்துல மாத்தி மாட்டினோம், அதுவும் உதறுது. சர்வோ நல்லாத்தான் இருக்கு, வழியிலதான் கோளாறு. ஜம்பர் ஒயரை உருவிப் பார்த்தா முனையில பச்சையா பூத்திருக்கு. நம்ம ஊர் உப்பளத்து ஊராச்சே, ஒரு வருஷமா ஜன்னலோரம் கிடந்த பிரெட்போர்டுக்குள்ள உப்புக்காத்து புகுந்திருக்கு. ஒயரைத் தூக்கிப் போட்டுட்டு நேரா சால்டர் பண்ணோம். கடலோரம் இருக்கிறவங்க பிரெட்போர்டை மூடின டப்பாவுல வைங்க.

உங்களோடது வேற மாதிரி உதறுதுன்னா இதையும் பாருங்க. வால்யூம் குமிழ் மாதிரி ஒண்ணைத் திருகி சர்வோவை ஓட்டுறீங்கன்னா, அந்த அனலாக் அளவே ஒண்ணு ரெண்டு எண் ஆடும். மூணுக்குக் குறைவான மாற்றத்தைக் கண்டுக்காதேன்னு எழுதிடுங்க. நியோபிக்சல் விளக்கோ சாஃப்ட்வேர் சீரியலோ சேர்த்திருந்தா, அதுங்க கொஞ்ச நேரம் இன்டரப்டை நிறுத்தி வைக்கும், துடிப்போட நீளம் தவறிடும். இங்க மட்டும் புரோகிராமைத் திட்டலாம். ராஸ்பெர்ரி பைல நேரா ஓட்டினா, லினக்ஸ் நடுவுல வேற வேலைக்குப் போயிடும். பிசிஏ9685 போர்டு போட்டுடுங்க. கை நீட்டமா இருந்தா எடையையும் பாருங்க. எஸ்ஜி90-க்கு 10 சென்டிமீட்டர் தூரத்துல 180 கிராம் தூக்குறதே உச்சம்.

கண்காட்சி அன்னைக்குக் கை மணியை எடுத்துச்சு. ஒருதடவை சிப்பியையும் எடுத்துச்சு, அது வேற கதை. அதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாடியும் திட்டினவன் எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேட்டேன். அவ சிரிக்கல. "வீடியோவை ராத்திரியே பார்த்திருந்தா நானும் தூங்கியிருப்பேன்ணா"ன்னு மட்டும் சொன்னா.

உங்க கை இன்னும் உதறுதுன்னா எனக்கு எழுதுங்க. எந்த போர்டு, எத்தனை சர்வோ, சப்ளை எத்தனை ஆம்பியர், ஓடும்போது மீட்டர் என்ன காட்டுது, நாலையும் சேர்த்து எழுதுங்க.