மண்ணால் ஆன மனிதர்கள்



பழம்பொருள் சேர்த்தல் என்றதும் மன்னர் வாளும் பொற்காசுமே நம் நினைவிற்கு வரும். இன்று நான் கூற வந்ததோ இங்கிலாந்தின் மதுக்கடை மேசையில் புழங்கிய ஒரு மண்கலத்தைப் பற்றி. அதனை 'டோபி ஜாடி' என்பர். நம் காலனிக்குத் துணி வெளுக்க வருபவரை எண்ணிவிட வேண்டா. இந்த டோபி வேறு!

மும்முனைத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்து, கையில் மதுக்குவளையோடு பருத்த மனிதர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரே ஜாடி. தொப்பியின் முனை வழியே மதுவை வார்க்கலாம். முதுகுப்புறத்தில் கைப்பிடி இருக்கும்.

1760-ஆம் ஆண்டையொட்டி ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் இவற்றைச் செய்யத் தொடங்கினர். அவர்களுள் பர்ஸ்லம் ஊர் ரால்ஃப் வுட் குடும்பத்தார் புகழ் பெற்றவர். 1761-இல் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் வெளியிட்ட பாடலொன்றில் டோபி ஃபில்பாட் என்னும் பெருங்குடியன் வருகிறான். அவன் பெயரே ஜாடிக்கு வந்தது என்பர் பலர். அவன் இறந்து மண்ணாகிறான். அம்மண்ணைக் கொண்டு குயவன் ஜாடி வனைகிறான். மாண்டவன் மீண்டும் விருந்தினர் நடுவே வந்து அமர்கிறான்!

பின்னர் மாலுமியும் இரவுக் காவலரும் ஜாடியாயினர். பிரைட்டன் கடற்கரையில் நீராட வந்தோரை அலையில் முழுக்காட்டிப் பிழைத்த மார்த்தா கன் என்னும் பெண்மணிக்கும் அப்பேறு கிட்டியது. முதல் உலகப்போரின்போது படைத்தலைவர்களும் இவ்வரிசையில் சேர்ந்தனர்.

இவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர். மிட்டாய்த் தொழிலதிபர் ஹாரால்டு மாக்கின்டாஷ் 1938-இல் இத்தகைய மண்ணுருவங்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். போலிகள் மலிந்த துறையாதலின் கண் பழக வேண்டும். தொடக்ககால ஜாடிகளில் வண்ண மெருகு ஒன்றோடொன்று கலந்து வழிந்திருக்கும். தொப்பியின் உச்சியில் பொருந்தும் சிறு மூடி பெரும்பாலும் உடைந்து போயிருக்கும். அது இருந்தால் விலை ஏறும். மூடி இழந்த ஜாடியையும் நான் தாழ்வாக எண்ணேன். பலர் கைபட்டு உழைத்த கலம் அது.

பெருமக்களுக்கு ஓவியமும் சிலையும் உண்டு. மார்த்தா கன் போன்றோரின் முகத்தைப் பல வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது குயவன் கைமண்ணே. அம்முகங்களைக் காப்பதாலேயே இக்கலை எனக்கு இனிக்கிறது.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் நாம், பாட்டியார் புழங்கிய பாத்திரத்தைச் சுமையென்று எடைக்குப் போடுகிறோம். போடுமுன், அதைப் பற்றியிருந்த கையை ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.