இருட்கோடுகள் கூறும் செய்தி
(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வானத்தை அளந்தறியும் முயற்சி வட்டுக்கோட்டைக்குப் புதியதன்று. 1823ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய செமினரியில் வானசாத்திரமும் ஒரு பாடம். 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்து, இப்பகுதிப் பஞ்சாங்கக் கணிதமும் செமினரி அதிபர் தானியேல் பூவரின் கணிதமும் மாறுபட்டன. கிரகணம் உண்டென்பதில் இரண்டும் ஒன்றே. நேரத்திலும் அளவிலுமே வேற்றுமை. வாதம் அதனைத் தீர்க்கவில்லை. அன்றிரவு வானமே தீர்த்து வைத்தது. பூவரின் கணிதம் பொருந்தியது.

கணக்கை வானத்தோடு ஒப்புநோக்கும் அவ்வழக்கம் இன்று எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதற்கு ஓர் உதாரணம் கூறவே வந்தேன்.

நட்சத்திரம் போலத் தோன்றிய ஓர் ஒளிப்புள்ளி, மிகமிகத் தொலைவிலுள்ள வேறொரு பொருள் என்பதை 1963ஆம் ஆண்டில் மார்ட்டன் சிமித்து என்னும் அறிஞர் கண்டார். இத்தகையவற்றைக் குவேசார் என்பர். பெருங்கருந்துளை ஒன்றினுள் வீழும் வாயு கொதித்து ஒளிர்வதே குவேசாரின் ஒளி. ஆனால் நான் பேசப் போவது அவ்விளக்கைப் பற்றியன்று. இடையில் நிற்கும் வேலியைப் பற்றி.

இரவிலே கிடுகு வேலிக்கு அப்பால் ஒருவர் அரிக்கன் விளக்கோடு நிற்கிறார் என்க. இருட்டில் வேலி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் ஒழுங்கையில் விழும் நிழல், வேலியின் பின்னலை நமக்குக் காட்டிவிடுகிறது. குவேசாருக்கும் நமக்கும் இடையே தாமாக ஒளிராத வாயு முகில்கள் பல உள. ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய அலைநீளத்து ஒளியை மாத்திரம் விழுங்கும். ஐதரசன் விழுங்குவது 121.6 நனோமீற்றர் ஒளி. வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், விழுங்கப்பட்ட இடங்கள் இருட்கோடுகளாக நிற்கும்.

முகில்கள் பலவாயின், அவற்றின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாவோ? விழா. அண்டம் விரிவதால் ஒளியின் அலையும் வழியில் நீளுகிறது. தொலைவிலுள்ள முகிலின் கோடு மிகுதியாகவும், அண்மையிலுள்ளதன் கோடு குறைவாகவும் இடம்பெயரும். ஆகவே கோடு நிற்கும் இடத்தைக் கொண்டு முகிலின் காலத்தை அறியலாம்.

இனி, அண்டமெங்கும் ஒரு பழைய வெப்பக் கதிர் பரந்துள்ளது. 1965ஆம் ஆண்டில் வெளியான அக்கண்டுபிடிப்பு பென்சியாசு, வில்சன் என்னும் இருவருடையது. இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். அண்டம் விரிந்து குளிர்ந்தது உண்மையாயின், முற்காலத்தில் அது இன்னும் சூடாக இருந்திருத்தல் வேண்டும். ஏறக்குறைய 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் 9.1 கெல்வின் என்பது கணக்கு. அக்காலத்துக்கு வெப்பமானியை யார் கொண்டு செல்வது?

முகிலே வெப்பமானியாயிற்று. அதிலுள்ள காபன் அணுக்களிற் சில, சூழ்ந்த வெப்பத்தாற் சற்றே உயர்ந்த நிலையை அடைகின்றன. இரு நிலைகளுக்கும் கோடுகள் வெவ்வேறு. அவற்றின் வலிமையை ஒப்பிட்டால் வெப்பம் புலப்படும். புனேயிலுள்ள வானியல் வானியற்பியல் பல்கலைக்கழக இடை மையத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்த், பிரான்சிய அறிஞர் பெற்றிசான், இலெதூ ஆகியோருடன் சேர்ந்து, சிலி நாட்டிலுள்ள 8.2 மீற்றர்த் தொலைகாட்டியால் இதைச் செய்தார். அணுக்கள் தம்முள் மோதுவதாலும் அந்நிலை உண்டாகுமாதலின் அதையும் கணக்கிற் கொண்டனர். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விடை: 6க்கும் 14க்கும் இடைப்பட்டது.

இது பரந்த எல்லைதான். அதை மறைக்காமற் கூறியதே அவர்கள் நேர்மை. 2008ஆம் ஆண்டில், வேறொரு முகிலிற் காபனோரொட்சைட்டின் கோடுகளைக் கண்டு மீண்டும் அளந்தனர். அங்கே எதிர்பார்த்தது 9.3, கிடைத்தது 9.15, கூடக்குறைய 0.7. கணக்கும் வானமும் ஒத்தன.

இளைஞர்களே! அத்தொலைகாட்டியின் பழைய பதிவுகள் இணையத்தில் எவரும் பெறத் திறந்துள்ளன. மலையுச்சியிற் கருவி இல்லையே என்று நாம் ஏங்க வேண்டுவதில்லை. வேண்டுவன கணிதம், பொறுமை, தன் விடை பிழையாயின் ஒப்புக்கொள்ளும் மனம் ஆகிய மூன்றுமே. 1829இல் இவ்வூரார் அண்ணாந்து பார்த்த வானமே இன்றும் நடுவராயிருக்கிறது.